இசைக்கருவிப் பணியும் அளவுகருவிகளும்

(திருவண்ணாமலையில் நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்து இளைஞர் சிலர் மரவேலையோடு நில்லாது வீணை, ஆர்மோனியம், பியானோ முதலிய இசைக்கருவிகளைச் செப்பனிடும் தொழிலில் இறங்கியிருக்கின்றனர். அன்னோர்க்குச் சங்கத்தின் பொதுநிதியிலிருந்து ஓர் அளவுகருவிப் பெட்டி வாங்கி வைத்தல் தகுமா, தகாதா என்பது அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்யப்படவிருக்கின்றது. அதன் பொருட்டு, அளவுகருவிகளைத் தேர்தல், நம்புதல் என்னும் இரண்டையும் பற்றிச் சிறிது சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். இலக்கணம் கற்பிக்கும் பண்டிதரிடம் இதனைக் கேட்பானேன் எனச் சிலர் நகைக்கலாம். யாப்பும் அளவு பற்றிய சாத்திரமே. ஓரசை மிகினும் வெண்பா கெடும். ஆதலின் எமக்கு இஃது அயற்பொருளன்று எனக் கொண்டு தொடங்குகின்றாம்.

பெட்டி வேண்டா என்பார் கூறுவது இது: "ஒவ்வொருவன் கையிலும் எண் காட்டும் காலிப்பர் இருக்கின்றது, சட்டைப்பையிற் கைபேசி இருக்கின்றது, நம் முன்னோர் இவையொன்றும் இன்றியே கோயிலுங் குளமும் செய்தனர், பின்னை இச்செலவு எதற்கு?" என்பர். இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. முன்னோர் செய்தது உண்மை. ஆயின் எவ்வாறு செய்தனர் என்பதைக் கண்டாலன்றி அதனைச் சான்றாகக் காட்டல் முறையன்று.

நம் முன்னோர் இருவகை அளவுகளைக் கையாண்டனர். ஒன்று, செய்யப்படும் பொருளுக்கு உள்ளேயே பிறக்கும் அளவு. சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், வார்க்கவிருக்கும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதனை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, முழங்கால் என உறுப்புகளின் அளவைக் குறித்துக்கொள்வர். அதனை ஒடியோலை என்பர். உத்தம தசதாளத் திருமேனியின் உயரத்தை 124 கூறாக்குதல் சிற்பநூல் வழக்கு. அவ்வோலையில் ஓர் அங்குலம் எத்தனை மில்லிமீட்டர் என்று வினவினால் விடையில்லை; வேண்டுவதுமில்லை. அத்திருமேனியின் உறுப்புகள் தம்முள் ஒன்றோடொன்று பொருந்தினாற் போதும். வேலை முடிந்தபின் அவ்வோலையால் வேறு பயனில்லை.

மற்றொன்று பொதுவளவு. ஊரார் பலரும் ஒப்பிக்கொண்டு, ஓரிடத்திற் காத்து, ஐயம் நேர்ந்தவிடத்து அதனொடு ஒத்துப் பார்த்துக்கொள்வது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளை நோக்குமின். முதல் இராசராசன் (985–1014) காலத்தில் அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகளோ தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. நெல்லுக்கும் ஆடவல்லான் என்ற பெயரால் ஒரு மரக்கால் இருந்தது. இறைவன் திருப்பெயரையே நிறைகல்லுக்கு இட்டது அழகுக்காக மட்டுமன்று. இன்ன கல்லால் நிறுத்தோம் என்று பெயர் சொல்லிப் பதியாவிடின், இத்தனை கழஞ்சு என்னும் எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதை அக்காலத்துக் கணக்கர் அறிந்திருந்தனர். நம்முட் பொற்கொல்லரும் இதனை நன்கறிவர். உரைகல்லில் வாடிக்கைக்காரரின் பொன்னை மட்டும் உரைத்து மாற்றுச் சொல்லுவார் யார்? மாற்றறிந்த மச்சத்தையும் அருகில் உரைத்து இரண்டு கோட்டையும் ஒத்து நோக்கியன்றோ சொல்லுவர்?

இனி இசைக்கருவிகளுக்கு வருவாம். தஞ்சாவூர் வீணை ஒருவகை; பியானோ மற்றொருவகை. பலாமரத்தைக் குடைந்து, 24 மெட்டுகளை மெழுகின்மேற் பதிக்கும் வீணைத் தச்சர், மெட்டின் இடத்தைக் கோலால் அளந்து முடிவு செய்வதில்லை. தந்தியின் பாதியில் மேல் ஸ்தாயி ஸட்ஜம் பிறக்கும், மூன்றில் இரண்டு பங்கிற் பஞ்சமம் பிறக்கும் என்னும் கணக்கு அனைவரும் அறிந்ததே. எனினும் தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது அதன் இழுவிசை சிறிது மிகுகின்றது. தந்தியின் விறைப்பும் சேர்ந்துகொள்கின்றது. ஆகலின் கணக்கு காட்டிய இடத்தில் வைத்த மெட்டு சிறிது பிசகியே ஒலிக்கும். மெழுகை இளக்கி, செவியால் தேர்ந்து, மெட்டை நகர்த்தி நிறுத்துவதே முறை. இது பெரும்பாலும் ஒடியோலை வகையைச் சேர்ந்தது. 1917-ஆம் ஆண்டிற் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும், 1947-ஆம் ஆண்டில் யாழ் நூல் அரங்கேற்றிய விபுலாநந்த அடிகளும் சுருதிக் கணக்கில் எத்துணை நுண்மை காட்டினார்கள் என்பது தமிழர் அறிவர். ஆயினும் மெட்டுப் பதிக்கும் தச்சருக்கு இறுதித் தீர்ப்பு செவியினதே.

பியானோ அத்தகையதன்று. அதன் உடலம் இலண்டனிலோ ஜப்பானிலோ செய்யப்பட்டது. அறுந்த நரம்புக்கு ஈடான எஃகுக் கம்பி ஜெர்மனியில் இழுக்கப்பட்டது. அதனைப் பூட்டுபவர் நம் மாடவீதியில் இருக்கின்றார். மூவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்களுக்கிடையே உள்ள உறவெல்லாம் ஓர் எண் மட்டுமே. அவ்வெண் பொய்த்தால் உறவு பொய்த்தது. பொதுவளவு இங்கேதான் இன்றியமையாததாகின்றது.

அவ்வெண்ணைச் சற்று விரித்துரைப்பாம். பியானோவில் 88 கட்டைகளுக்குச் சுமார் 230 நரம்புகள் உண்டு. மேற்சுரங்களில் ஒரு கட்டைக்கு மூன்று நரம்புகள். அவை வெறும் எஃகுக் கம்பிகள். கீழ்ச்சுரத்து நரம்புகள் செம்புக்கம்பி சுற்றப்பட்டவை. எஃகுக் கம்பிகளுக்கு எண்வரிசை ஒன்றுண்டு. 16 என்னும் எண்ணுள்ள கம்பியின் கனம் அங்குலத்தில் 0.037, அதாவது 0.94 மில்லிமீட்டர். 17 எண் கம்பி 0.039 அங்குலம், 0.99 மில்லிமீட்டர். ஓரெண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 0.05 மில்லிமீட்டர் மட்டுமே. இடையில் பதினாறரை என்றும் கம்பி உண்டு. அதற்கு வேறுபாடு 0.025 மில்லிமீட்டர். நம் தலைமயிரின் கனத்தினும் இது மிகக் குறைவு.

இவ்வளவு சிறிய பிசகால் யாது கேடு என்பீர்களாயின், சொல்லுதும். ஒரே நீளமும் ஒரே சுருதியும் உள்ள நரம்புகளின் இழுவிசை, கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மிகும் என்பது 1636-இல் மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவியார் நூலாக்கிய விதிகளிலிருந்து பெறப்படுவது. 16-க்கு மாறாக 17 பூட்டினால் இழுவிசை நூற்றுக்குப் பதினொன்று மிகும். ஒரு நரம்பு சுமார் 70 கிலோ எடையளவு இழுக்குமாயின், மாற்றியது ஏறக்குறைய 8 கிலோ மிகுதியாக இழுக்கும். இருபது கட்டைகளுக்கு, அறுபது நரம்புகளை இவ்வாறு மாற்றினால், ஏறக்குறைய அரை டன் பாரம் அவ்வார்ப்பிரும்புச் சட்டத்தின்மேல் புதிதாக ஏறிவிடுகின்றது. இனி, மூன்று நரம்பில் ஒன்றை மட்டும் தவறான கனத்தில் மாற்றினால் வேறொரு துன்பம்: எத்துணைத் திருகினும் அது மற்றையிரண்டோடு தூய்மையாக ஒன்றாது, விம்மல் எஞ்சியே நிற்கும்.

இதனைக் கற்பனை என்று கொள்ளற்க. நம்மவர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது, பெயர் வேண்டா. அவர் கையிலிருந்த காலிப்பரின் வாய் முழுதும் மூடியவிடத்தும் 0.05 காட்டிற்று. மூடிப் பார்த்திருந்தால் அறிந்திருப்பர். 0.94 அவருக்கு 0.99 ஆயிற்று. கம்பிக்குக் கொடுத்த பணம் போயிற்று. இருபது நாள் உழைப்புப் போயிற்று. பியானோவின் சொந்தக்காரர் அதனைச் சென்னைக்கு ஏற்றிவிட்டார். 1842 முதல் பியானோக் கடை கண்ட சென்னைப் பட்டினத்தில் இத்தொழிலறிந்தார் பலர் உளர். நம்மூரிலோ இப்பொழுதுதான் நம்மேல் நம்பிக்கை பிறக்கின்றது. அவ்விளைஞரிடம் கைத்திறன் குறைவில்லை. கைத்திறனுக்கு அஃது எட்டாத இடம்.

எண்ணைப் பற்றி மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. கடைகளிற் கம்பிக்கு எஸ்.டபிள்யூ.ஜி. என்றொரு வரிசையும் வழங்குகின்றது. அதில் 16 என்பது 1.63 மில்லிமீட்டர், எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பியானோ வரிசையில் எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும். பழங்காலத்துக் கம்பிக் கம்பெனிகள் தத்தமக்கென வேறு வேறு வரிசைகளையும் வைத்திருந்தன. ஆதலின் எண்ணைச் சொல்லிக் கம்பி வாங்காதீர்கள். மில்லிமீட்டரைச் சொல்லி வாங்குங்கள்.

இனிக் கருவிகள். முதலாவது எஃகு அளவுகோல். 300 மில்லிமீட்டர் நீளமுள்ளதாய், கோடுகள் செதுக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். மேலே அச்சிட்ட கோடுகள் விரைவில் அழியும். முனை தேய்ந்த கோலில் 10 என்னும் கோட்டிலிருந்து அளந்து பின் கழித்துக்கொள்வது நம் தச்சர் அறிந்ததே. பியானோவின் கட்டை அழுந்தும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். சுத்தியல் நரம்பிலிருந்து நிற்கும் தொலைவு சுமார் 45 மில்லிமீட்டர். இவற்றுக்குக் கோலே போதும். சரியான உயரத்துக்குச் சீவிய மரத்துண்டு ஒன்று இருப்பின் அதனினும் நன்று. 88 கட்டைக்கும் அதனையே வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஓர் ஒடியோலையே.

மூலைமட்டமும் ரசமட்டமும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் இயல்பின. நேரான பலகை விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு கீறி, அதனைப் புரட்டி வைத்து அதே இடத்தில் மறுகோடு கீறினால், மட்டம் சரியாயின் இரண்டும் ஒன்றாகும். பிசகாயின் பிசகு இரட்டித்துத் தோன்றும். ரசமட்டத்தையும் முனை மாற்றி வைத்துப் பார்க்க. குமிழி முன்னின்ற இடத்திலேயே நிற்றல் வேண்டும். விலை மிக்க மட்டமும் இச்சோதனையில் தோற்பதுண்டு. விலை குறைந்தது வெல்வதுமுண்டு. கடையிலேயே சோதித்து வாங்குவதில் வெட்கம் வேண்டுவதில்லை.

இரண்டாவது காலிப்பர். 1631-இல் பியர் வெர்னியர் வகுத்த நுணுக்கம் இன்றும் அதில் உண்டு. கோட்டு வெர்னியர் பொதுவாக 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். மின்கலம் இட்ட காலிப்பர் 0.01 வரை எண்ணைக் காட்டும். இங்கேதான் நம் இளைஞர் மயங்குகின்றனர். காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. அக்காலிப்பரோடு வந்த சீட்டைப் படித்தால், பிழை கூட்டியோ குறைத்தோ 0.02 அல்லது 0.03 இருக்கலாம் என்று செய்தவரே எழுதியிருப்பர். பதினாறையும் பதினாறரையையும் பிரிப்பது 0.025 என்று சற்றுமுன் கண்டோம். ஆகவே எண் எத்துணைத் தெளிவாக ஒளிரினும் இவ்வேலைக்கு அது சான்றாகாது. மேலும், பெயர்பெற்ற கம்பெனியின் பெயரைப் பொறித்த போலிகள் சந்தையில் உலவுகின்றன. மின்கலம் சோர்ந்தால் எண் தாவுவதும் உண்டு. பியானோவின் சுருதி முளை 7 மில்லிமீட்டர் அளவினது. ஓரளவுக்கும் அடுத்த அளவுக்கும் வேறுபாடு ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர். அதற்குக் காலிப்பர் தக்கதே. எதற்கு எது என்று தெரிந்து கொள்வதே தேர்தல்.

கம்பிக்கு மைக்ரோமீட்டர் ஒன்றே வழி. பள்ளிப் புத்தகங்களில் இதனைத் திருகு அளவி என்பர். 1848-இல் பாரிசைச் சேர்ந்த பால்மர் என்பார் உரிமைப்பட்டயம் பெற்ற வடிவமே இன்றும் நம் கையிலுள்ளது. 0 முதல் 25 மில்லிமீட்டர் வரை அளக்கும் சிறியதொன்று போதும். ஒருமுறை சுற்றினால் அரை மில்லிமீட்டர் நகரும்; சுற்றின் ஐம்பதில் ஒருபங்கு 0.01 மில்லிமீட்டர். கையாளும் முறை வருமாறு: வாயின் இரு முகங்களுக்கிடையே சுத்தமான காகிதத்தை இலேசாகப் பிடித்து இழுத்துத் துடைக்க. பின்பு மூடிச் சுழியைப் பார்க்க. சுழிப்பிழை இருப்பின் குறித்துக்கொள்க. பெருந்திருகைப் பற்றி நெருக்காமல், கடைசியிலுள்ள சிறு திருகைச் சுற்றி, அது கிறுகிறுவென்று வழுக்கியவுடன் நிறுத்துக. நெருக்குகிறவன் கையில் கம்பி மெலிந்துவிடும். துருவேறிய இடத்தில் அளவாதே, தேய்த்துத் தூய்மையாக்கிய இடத்தில் மூன்று முறை, கம்பியைச் சிறிது திருப்பித் திருப்பி அளக்க. அதே கட்டையின் மற்றை நரம்புகளையும் அளக்க. சில பியானோக்களில் இரும்புச் சட்டத்தின்மேலேயே கம்பி எண்ணைப் பொறித்திருப்பர். அதனையும் ஒத்து நோக்குக. ஆயின் முன்னொருவர் மாற்றிப் பூட்டியிருத்தலுங் கூடும்.

வெப்பத்தால் எஃகு நீளுமே, திருவண்ணாமலை வெயிலில் இவ்வளவுகள் நிற்குமா என்று ஓர் அன்பர் வினவியிருந்தார். அளவுகருவிகளுக்கு உலகம் ஒப்பிய வெப்பநிலை 20 பாகை. 40 பாகையில் 300 மில்லிமீட்டர் எஃகுக்கோல் 0.07 மில்லிமீட்டர் நீளும். தச்சுவேலைக்கு இது பொருட்டன்று. ஒரு மில்லிமீட்டர்க் கம்பியிலோ அம்மாற்றம் காணவே இயலாது. ஆனால் இசைக்கவை விஷயம் முற்றிலும் வேறு. அதனைச் சிறிது நின்று ஆராய்வாம்.

1711-இல் ஜான் ஷோர் என்னும் ஆங்கில எக்காள வித்துவான் கண்ட இசைக்கவை, சுருதிக்கு நாம் வைத்திருக்கும் மச்சம். இன்று உலகம் ஒப்பிய சுருதி நொடிக்கு 440 அதிர்வு. 1939-இல் இலண்டனிற் கூடிய மாநாடு இதனை வகுத்தது. 1955-இல் அனைத்துநாட்டு நியமமாகவும் ஆயிற்று. பழங்கவைகளில் பிரெஞ்சுக்காரர் 1859-இல் விதித்த 435-உம், ஆங்கிலேயர் 1896-இற் கொண்ட 439-உம் காணலாம். பழம்பொருட்கடையிற் கவை வாங்குவோர் எண்ணைப் பார்த்து வாங்குக. எண் சரியாக இருப்பினும், எஃகுக்கவையின் அதிர்வு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய ஒன்பதினாயிரத்தில் ஒருபங்கு குறையும். 20 பாகையில் 440 ஒலிக்கும் கவை, சித்திரை மாதத்தில் 40 பாகையுள்ள நம் பட்டறையில் ஏறக்குறைய 439 ஒலிக்கும். நொடிக்கு ஒரு விம்மல்! சட்டைப்பையில் வைத்து உடற்சூடேற்றினும் இதே விளைவு. பியானோவின் ஒலிப்பலகையோ ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரமேறி உப்பிச் சுருதியை ஏற்றும். கோடை வறட்சியில் சுருங்கி இறக்கும். கோடையில் கவையும் இறங்கி, பலகையும் இறங்கி, இரண்டும் தம்முள் ஒத்துக்கொண்டு, எல்லாம் நன்றாயிருக்கின்றது என்று நம்மை ஏமாற்றும்.

இவ்விடத்தில் பழைமை விரும்பும் பெரியவர்கள் எம்மேல் வருத்தப்படலாகாது: கைபேசியின் சுருதிகாட்டி கவையினும் நம்பத்தக்கது. அதனுள் இருக்கும் படிகத்துண்டின் துடிப்பு, நம் வேலைக்கு வேண்டுவதினும் பன்மடங்கு சீரானது. வெயிலுக்கும் அது அவ்வளவு அசையாது. ஆயின் அதில் 440 என்பதை யாரேனும் 432 என மாற்றி வைத்திருக்கலாம். வீட்டுச் சிறுவர் கைபட்ட கைபேசியில் அது அரிதன்று. வேலை தொடங்குமுன் பார்த்துக்கொள்க. முதற்சுரத்தை அதனால் நிறுத்தியபின், மூன்று நரம்பை ஒன்றாக்குதற்குச் செவியினும் மேம்பட்ட கருவியில்லை. இரண்டு ஒலிகளுக்கிடையே பத்து நொடிக்கு ஒரு விம்மல் எழுவதையும் பழகிய செவி அறியும். அது நொடிக்குப் பத்தில் ஓர் அதிர்வு வேறுபாடு. ஆர்மோனிய நாக்குகளைச் சுரண்டிச் சுருதி சேர்ப்பார்க்கும் இதே முறைதான்; சுரண்டியது மீளாது என்பதால் சிறிது சிறிதாகச் சுரண்டுக.

இப்பொழுது பெட்டிக்கு வருவாம். ஒவ்வொருவரும் தமக்கென வைத்திருக்கும் மைக்ரோமீட்டர் சரியா என்பதை எதனொடு ஒத்து நோக்குவது? சுழியில் சரியாக நிற்பது ஒன்று. ஒரு மில்லிமீட்டரில் சரியாக நிற்பது மற்றொன்று. தேய்ந்த திருகு முன்னதிற் சரியாய்ப் பின்னதிற் பிசகும். அதற்கு அளவறிந்த எஃகுத்துண்டு வேண்டும். தொழிற்சாலைகளில் இதனை ஸ்லிப் கேஜ் என்பர்; சுவீடன் தேசத்து யோஹான்சன் என்பார் நூறாண்டுக்கு முன்பே இதனைச் செம்மைப்படுத்தினார். அத்துண்டுகளைச் சென்னையில் அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலையில் ஒத்துப் பார்த்துச் சான்றிதழ் பெறலாம். அச்சாலையின் அளவு, புதுதில்லியில் 1950-இல் திறக்கப்பெற்ற தேசியப் பௌதிகச் சோதனைச்சாலையின் அளவோடு இணைக்கப்பெற்றது. அதுவோ ஒளியின் வேகத்தைக் கொண்டு 1983-இல் வரையறுக்கப்பட்ட மீட்டரைச் சார்ந்தது. மாடவீதிப் பட்டறை முதல் ஒளியின் வேகம் வரை சங்கிலி அறாமல் வரும். தனியொருவருக்கு இச்செலவு மிகை; முப்பது குடும்பம் சேர்ந்தால் சிறிது.

எனவே எம் கருத்து, பெட்டி வேண்டும் என்பதே. அதில் 0.50, 1.00, 5.00 மில்லிமீட்டர் எஃகுத்துண்டுகள் மூன்று, நல்ல மைக்ரோமீட்டர் ஒன்று, எஃகுக்கோல் ஒன்று இருந்தாற் போதும். காலிப்பர் வாங்க வேண்டுவதில்லை. அஃது எல்லாரிடமும் உண்டு. பெட்டியிலுள்ளவற்றை வேலைக்கு இரவல் கொடுத்தல் எவ்வாற்றானும் கூடாது. கோயிலில் ஆடவல்லான் கல்லைக் கடைவீதிக்கு இரவல் கொடுத்திருப்பார்களா? உறுப்பினர் தத்தம் கருவியைக் கொண்டுவந்து ஒத்துப் பார்த்துச் செல்லுதலே முறை. அமாவாசையன்று தொழிலுக்கு ஓய்வு விடும் வழக்கம் நம்மிற் பலரிடம் இன்னும் உண்டு. அந்நாளே இதற்கு ஏற்றது. ஒத்துப் பார்த்தபின் தேதி, கருவி, கண்ட பிழை என்னும் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஒரு கருவியின் பிழை மாதந்தோறும் ஒரேயளவாயின் கவலையில்லை, கழித்துக்கொள்ளலாம். மாதத்துக்கொரு பிழை காட்டினால் அதனை விலக்குக.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மேல்மூடிக்கு இடுக. மைக்ரோமீட்டரின் வாய்க்கும் திருகுக்கும் இடவேண்டா. குங்குமத்துகள் ஒன்று உள்ளே புகுந்தால் 16 எண் கம்பி 17 ஆகிவிடும். எஃகுத்துண்டுகளை வெறுங்கையால் தொட்டால் வியர்வை துருவாகும்; மெல்லிய துணியாற் பிடித்து, வேலை முடிந்தபின் சிறிது எண்ணெய் தடவி வைக்க.

சோதனைச்சாலைக்கு அனுப்புதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை எனக் கொள்ளலாம். பெட்டிக்கும் முதற்சோதனைக்கும் ஆகும் தொகையைக் கடைக்காரரிடம் கேட்டெழுதிய விவரம் பொருளாளர் அவர்களிடம் உள்ளது. பொதுக்குழுவுக்கு முன் அதனைப் பார்வையிட விரும்புவோர் மாலையில் சங்கக் கட்டிடத்திற் காணலாம். பெட்டியின் சாவி ஒருவர் கையில் மட்டும் இராமல் இருவர் கையில் இருத்தல் நலமென்பது எம் எண்ணம். அதனைப் பொதுக்குழு முடிவு செய்க.